ஆகாயப் படமும் கைப்பொருளும்

உயர நின்று தன் ஊரைக் காண விரும்பாதவர் ஒருவரேனும் உளரோ? கச்சிராயபாளையத்தைக் கடந்து வெள்ளிமலைக்குச் செல்லும் பஸ் மலைப்பாதையின் வளைவுகளில் ஏறுங்கால், அவ்வழியே நூறுமுறை சென்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னலின் வழியே கீழே நோக்குவதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். நெல்வயல் பாய் விரித்தாற்போலவும், கரும்புத் தோட்டம் கம்பளம் விரித்தாற்போலவும், ஏரி உடைந்த கண்ணாடித் துண்டு போலவும் தோன்றுகின்றன. நாடோறும் நாம் மிதித்து நடக்கும் மண்ணே அப்பொழுது நமக்குப் புதியதாகின்றது. எந்த வாய்க்கால் எங்கிருந்து வருகின்றது, எந்த ஊர் எந்த ஊருக்கு அண்மையில் உள்ளது என்பனவெல்லாம் ஒரே பார்வையில் விளங்குகின்றன. இவ்வின்பம் அற்பமானதன்று, அறிவோடு கூடிய இன்பமாகும்.

இவ்வின்பத்தைக் கைக்கு எட்டச் செய்யும் கருவி டிரோன் என்னும் ஆளில்லாச் சிறு பறக்கும் பொறியாம். சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சினிமாக்காரரும் சேனையினரும் மட்டுமே கையாண்ட இப்பொறி, இக்காலத்தில் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வட்டமிடுகின்றது. ஆதலின் நம் மாணவர் உள்ளத்திலும் இதன்மேல் ஆசை பிறந்திருப்பது வியப்பன்று. அவ்வாசையை யாம் குறைகூற வந்தோமில்லை. அவ்வாசை எவ்வழியிற் சென்றாற் கைப்பொருளும் கெடாமல், கல்வியும் பெருகி, பிறர்க்குத் தீங்கும் நேராதிருக்கும் என்பது பற்றி எம் அபிப்பிராயத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற ஆண்டின் இறுதியில் நம் கலாசாலை மாணவர் ஒருவர் எம்பால் வந்தார். தம் தந்தையார் கரும்பு வெட்டிய பணத்தில் ஒரு பகுதியைத் தர இசைந்துள்ளார் என்றும், குறைப்பணத்தை மாதத் தவணையில் அடைக்கலாமெனக் கடைக்காரர் கூறுகின்றார் என்றும் சொல்லி, “ஐயா, எந்த டிரோன் வாங்கலாம்?” என்று வினவினார். யாம் விடைகூறாமல், “தம்பி, கையிலிருக்கும் தொலைபேசியால் உம் ஊரை எத்தனை படம் எடுத்திருக்கின்றீர்? காட்டும்” என்றோம். அவர் காட்டிய படங்களுள் நண்பர் முகங்களே மிகுதியாயிருந்தன. ஊர் ஒன்றிலும் இல்லை. அவரே நகைத்துவிட்டார். யாமும் நகைத்தோம். ஆயினும் அத்தந்தையாரின் கரும்புப் பணம் எம் மனத்தை விட்டு அகலவில்லை. வெட்டு உத்தரவுக்காகக் காத்திருந்து, வெட்டுக்கூலி கொடுத்து, ஆலையிலிருந்து பணம் வருமட்டும் பொறுத்திருந்து ஒரு குடும்பம் ஈட்டிய பொருள் அது. அதனை எதில் இடுவது என்பது விளையாட்டுப் பேச்சன்று.

முதற்கண், ஆகாயப் படம் என்னும் கலை டிரோனோடு பிறந்ததன்று என்பதனை நம் மாணவர் அறிதல் நலம். பிரான்சு தேசத்து நாதார் என்பார் 1858-ஆம் ஆண்டிலேயே பலூனில் ஏறிப் பாரிஸ் நகரின் அருகிலுள்ள ஊரொன்றைப் படம் பிடித்தார். அவர் எடுத்த படம் இன்று இல்லை. 1860-இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பவர் பலூனிலிருந்து எடுத்த பாஸ்டன் நகரின் படமே இன்றும் நமக்குக் கிடைத்துள்ள ஆகாயப் படங்களுள் மிகப் பழமையானது. பலூனுக்குப் பொருளில்லாதார் என் செய்வது? 1888-இல் ஆர்தர் பத்யூ என்னும் பிரெஞ்சுக்காரர் காற்றாடிப் பட்டத்தில் சிறு காமிராவைக் கட்டிப் பறக்கவிட்டுத் தம் ஊரைப் படம் பிடித்தார். 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தாலும் பின்னெழுந்த தீயாலும் அழிந்தபொழுது, ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் பல பட்டங்களை ஒன்றாகக் கோத்து, அவற்றினின்று பெருங் காமிராவொன்றைத் தொங்கவிட்டு, ஏறத்தாழ 2,000 அடி உயரத்திலிருந்து அவ்வழிவு முழுவதையும் ஒரே படத்தில் அடக்கினார். அப்படத்தை இன்று காண்பார்க்கும் உள்ளம் நடுங்கும். நமது நாட்டிலோ, 1802-இல் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையின் அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருந் திரிகோண அளவை, காமிராவே பிறவாத காலத்தில், குன்றுகளின் உச்சியிலும் கோபுரங்களின் முடியிலும் நின்று தேசத்தை அளந்தது. இவையெல்லாம் காட்டுவது யாதெனில், உயரத்தைத் தருவது கருவி. எதைக் காணவேண்டும் என்று அறிந்திருப்பது கண். கண் இல்லாதார்க்குக் கருவியாற் பயனில்லை.

இனி, டிரோன் வாங்க எண்ணுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா, ‘எது வாங்கலாம்’ என்பதன்று. ‘எதன்பொருட்டு வாங்குகின்றோம்’ என்பதே. பொழுதுபோக்கின் பொருட்டு வாங்குவோர் உளர். படக்கலையைக் கற்றற்பொருட்டு வாங்குவோர் உளர். கலியாணப் படம், நிலப்படம் முதலியன எடுத்துப் பிழைப்பு நடத்துதற்கு வாங்குவோரும் உளர். இம்மூவர்க்கும் ஒரே பொறி பொருந்தாது; ஒரே சட்டமும் பொருந்தாது. மூன்றையும் மனத்திற் குழப்பிக்கொண்டு, ‘பின்னாட் பிழைப்புக்கும் உதவுமே’ என்று தொடக்கத்திலேயே பெருவிலை கொடுப்பவரே பெரும்பாலும் ஏமாறுகின்றனர். நீந்தத் தெரியாதவன் ஓடம் வாங்கிக் கடலில் இறங்குவதை ஒக்கும் அது.

சட்டத்தைச் சிறிது கூறுவாம். இந்திய அரசாங்கத்தார் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் வெளியிட்ட டிரோன் விதிகள் இப்பொறிகளை எடையால் வகுக்கின்றன. 250 கிராம் வரையுள்ளது நானோ. அதற்குமேல் 2 கிலோ வரையுள்ளது மைக்ரோ. அதற்குமேல் 25 கிலோ வரை சிறியது. பின்னர் நடுத்தரமும் பெரியதும் ஆம். நானோவைப் பறக்கவிடுவார்க்கும், வாணிகம் கருதாமல் மைக்ரோவைப் பறக்கவிடுவார்க்கும் ஓட்டுநர் சான்றிதழ் வேண்டுவதில்லை. மைக்ரோவைக் கூலிக்குப் பறக்கவிட்டாலோ சான்றிதழ் வேண்டும். அதனைப் பெறுதற்குப் பதினெட்டு வயதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், அங்கீகாரம் பெற்ற பள்ளியிற் பயிற்சியும் வேண்டும். நானோ ஒழிந்த ஏனையவற்றிற்குப் பிறர்க்கு நேரும் சேதத்தின்பொருட்டு இன்ஷியூரன்சும் வேண்டும். பொறியைப் பதிந்து தனி அடையாள எண் பெறுதல் பொது விதியாகும். ஆகாயமோ பச்சை, மஞ்சள், சிவப்பு என மூவகையாகப் பிரிக்கப்பட்டு அரசாங்கத்தின் படத்திற் காட்டப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். சிவப்புப் பகுதியில் மத்திய அரசாங்கத்தின் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. விதியை மீறினார்க்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிகள் திருத்தப்படுவதும் உண்டாதலின், வாங்குமுன்னும் பறக்கவிடுமுன்னும் அவற்றைப் புதிதாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் கடமை. ஆக, கற்கும் மாணவர்க்குச் சட்டமே வழிகாட்டுகின்றது: 250 கிராமுக்கு உட்பட்டது போதும். எடை குறைந்தால் விலை குறையும்; விழுந்தால் தலை உடையாது; தாள்வேலையும் குறையும்.

விலையைப் பற்றிப் பேசுங்கால் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமலிருத்தல் இயலாது. உலகெங்கும் கற்போர்க்கு ஏற்றதெனப் புகழப்படும் டிரோன்களுட் பெரும்பாலன சீன தேசத்து டி.ஜே.ஐ. கம்பெனியாரால் ஆக்கப்படுவன. அவர்தம் மினி வரிசைப் பொறிகள் 249 கிராம் எடையே உடையன. மினி 4கே என்பது அமெரிக்காவில் 2024-இல் 299 டாலர் விலைக்கு வெளியாயிற்று. அதனைக் கேட்ட நம் மாணவர் அதனை ரூபாயாகக் கணக்கிட்டு மகிழ்கின்றனர். ஆனால் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் நம் அரசாங்கத்தார், ஆராய்ச்சி, பாதுகாப்பு முதலிய சில காரியங்களுக்கன்றி, முழுதாகவோ பிரித்த பாகங்களின் தொகுதியாகவோ வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்தலைத் தடுத்து ஆணையிட்டனர். உதிரிப் பாகங்களுக்கு அத்தடை இல்லை. இத்தடைக்குப் பின்னரும் நகரங்களின் கடைகளிற் பின்வாயில் வழியே வந்த பொறிகள் விற்கப்படுகின்றன. அவற்றிற்கு முறையான ரசீது கிடைப்பதரிது. பழுதானாற் கம்பெனியார் பொறுப்பேற்பதரிது. பதிவெண் பெறுதலும் அரிது. வழியில் அதிகாரி ஒருவர் கேட்டால் விடை கூறவும் இயலாது.

‘எல்லாரும் வாங்குகின்றனரே, நாம் மட்டும் வாங்கினால் என்ன?’ என்று சிலர் கேட்பர். இக்கேள்விக்கு யாம் தரும் விடை ஒன்றே: கற்கத் தொடங்கும்பொழுதே ஒளித்து வைத்துப் பழகவேண்டிய கருவியினால் எவரும் மனமாரக் கற்கமாட்டார். பயந்து பறக்கவிடுபவன் அவசரப்படுவான். அவசரப்படுபவன் பொறியை இழப்பான். ஆதலின் இந்நாட்டிற் செய்யப்பட்டதும், ரசீதோடு கிடைப்பதும், இறகும் மின்கலமும் தனியே வாங்கக்கூடியதும், பழுது பார்ப்பார் இந்நாட்டில் உள்ளதும் ஆகிய பொறியே, காமிரா சிறிது தாழ்ந்ததாயினும், மேலானது என்று கருதுகின்றோம். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் டிரோன்களின்மீதுள்ள ஜி.எஸ்.டி. வரி ஒரே சீராக நூற்றுக்கு 5 எனக் குறைக்கப்பட்டது. முன்னர்ச் சொந்த உபயோகத்திற்கு வாங்குவார் நூற்றுக்கு 28 வரை செலுத்தவேண்டியிருந்தது. நேர்வழியில் வாங்குவோர்க்கு இஃது ஓர் ஆறுதலாகும்.

இனிப் பொறியின் குணங்களை ஆராய்வாம். கடைக்காரர் முதலிற் கூறுவது காமிராவின் புள்ளிக் கணக்கை. ‘நாலு கே’ என்ற சொல் பெட்டியின்மேற் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். விலை குறைந்த பொறிகளில் அச்சொல்லை நம்பிவிடலாகாது. சிறு படத்தை இழுத்துப் பெரிதாக்கி அப்பெயர் இடுவாரும் உளர். யாம் கண்டவரை, பணத்தை நான்கு பொருள்களுக்கு இம்முறையிற் கொடுத்தல் தகும். முதலாவது, காற்றில் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் ஆற்றல். ஜி.பி.எஸ். உடைய பொறி, கையை எடுத்துவிட்டாலும் நின்ற இடத்தில் நிற்கும். அஃதில்லாப் பொறி காற்றோடு போய்விடும். இரண்டாவது, காமிராவை ஆடாமற் காக்கும் அமைப்பு. மூன்று திசையிலும் சுழன்று ஆட்டத்தைச் சரிசெய்யும் சிறு மோட்டார்த் தாங்கி இருப்பது உத்தமம். படத்தின் ஓரங்களை வெட்டிக் கணக்கினால் ஆட்டத்தை மறைப்பது மத்திமம். ஒன்றும் இல்லாதது அதமம். மூன்றாவது, மிகை மின்கலங்கள். ஒரு மின்கலத்திற் சிறு பொறி பறப்பது சில நிமிஷங்களே. வெள்ளிமலை வரை ஏறிச்சென்று கால்மணி நேரத்தில் திரும்புவார் ஒன்றும் கல்லார். நான்காவதுதான் காமிராவின் நுட்பம். இவ்வரிசையைத் தலைகீழாக்குபவரே கடைக்காரர்க்குப் பிரியமானவர்.

எம் முடிவான யோசனை இதுவாகும். கற்போர் ஒரே முறையில் வாங்காமல் இரு படியாக வாங்குக. முதற்படி, ஐயாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட விளையாட்டுப் பொறி ஒன்று. அதன் காமிராவை மறந்துவிடுக. ஒரு கொட்டகையிலோ, காற்றில்லாக் காலையில் விளையாட்டு மைதானத்திலோ அதனை நாற்கோண வடிவிலும், வட்டமாகவும், எட்டு என்னும் எண்ணின் வடிவிலும் பறக்கவிட்டுப் பழகுக. பொறியின் முகம் நம்மை நோக்கியிருக்கும்பொழுது வலம் இடமாக மாறும். தொடக்கக்காரர் பொறியைச் சுவரில் மோதுவது பெரும்பாலும் அப்பொழுதே. அம்மயக்கம் தீருமட்டும் இரண்டாம் படிக்குச் செல்லற்க. 2018-இல் வெளிவந்த டெல்லோ என்னும் 80 கிராம்ப் பொறி இத்தகைய பயிற்சிக்கென்றே அமைந்தது. 13 நிமிஷம் பறக்கும். கணிப்பொறியில் எழுதிய கட்டளைகளுக்கும் பணியும். அஃது அகப்படாவிடினும் அதன் இயல்பு எத்தகைய பொறியை நாடவேண்டும் என்பதைக் காட்டும். கணிப்பொறியில் ஓட்டிப் பழகும் போலிப் பறப்பு விளையாட்டுக்களும் உள. அவற்றிற்குச் செலவு சிறிதே.

இரண்டாம் படி, நல்ல காமிராவும் ஜி.பி.எஸ்.ஸும் உடைய நானோப் பொறி. அதனைத் தனியொருவர் வாங்குதல் வேண்டா என்பதே எம் துணிபு. ஒரு மாணவர் ஓராண்டில் எத்தனை நாள் பறக்கவிடுவார்? பரீட்சை, மழை, காற்று, ஊர்ப்பயணம் எல்லாம் கழித்தால் மிகச் சில நாள்களே எஞ்சும். எஞ்சிய நாளெல்லாம் அப்பொறி பெட்டியில் உறங்கும். மின்கலமோ உறக்கத்திலேயே கெடும். ஆறுபேரோ எட்டுப்பேரோ கூடி ஒரு பொறியும் நான்கு மின்கலமும் வாங்கினால், ஒவ்வொருவர் பங்கும் தாங்கத்தக்கதாகும். ஒருவர் பறக்கவிடும்பொழுது மற்றொருவர் வானத்தைப் பார்த்திருப்பார்; பிறிதொருவர் ஊராரோடு பேசியிருப்பார். தனிமையிற் கற்பதினும் கூட்டத்திற் கற்பது இக்கலைக்குப் பெரிதும் ஏற்றது. நம் கலாசாலைப் புகைப்படச் சங்கமே இப்பணியை ஏற்கலாகாதோ? பறந்த நாள், இடம், நேரம், காற்றின் நிலை, மின்கலத்தின் எண், நேர்ந்த பிழை ஆகியவற்றைக் குறிக்கும் ஏடொன்றும் வைத்தால், பின்வரும் மாணவர்க்கு அது பாடநூலாகும்.

தவணைக் கடனைப் பற்றி இரு சொல். ஊதியம் ஈட்டாத மாணவர் விழுந்து உடையக்கூடிய பொருளைக் கடனில் வாங்குதல் தகாது. பொறி முதல் மாதத்திலேயே ஏரியில் வீழ்ந்தாலும் தவணை கடைசி மாதம் வரை நடக்கும். கடன்காரர்க்கு ஆகாயப் படத்தின் அழகு தோன்றாது.

இதனை யாம் பிறர் கதையாகக் கூறவில்லை. யாம் முதன்முதல் வாங்கிய டிரோன் இன்றும் கல்வராயன் மலையில் ஏதோ ஒரு புதரிற் கிடக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் இருவருடன் பெரிய கல்வராயனில் ஒரு பள்ளத்தாக்கின் அடியிலிருந்து அதனைப் பறக்கவிட்டோம். பக்கத்து முகட்டைச் சுற்றி அடுத்த பள்ளத்தைக் காணும் ஆசையாற் கண்ணுக்கு மறைவாகச் செலுத்தினோம். மின்கலம் குறைந்தது. புறப்பட்ட இடத்திற்குத் தானே திரும்புமாறு கட்டளையிடும் பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்தோம். அப்பொத்தான் அறிவுடையதன்று என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று. திரும்பும் உயரம் 30 மீட்டர் எனக் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வுயரம் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. இடையிலிருக்கும் நிலத்திலிருந்து அன்று. இடையிலோ அதனினும் உயர்ந்த முகடு நின்றது. பொறி நேர்கோட்டில் வந்து முகட்டின் மரத்தில் மோதிற்று. மாலைவரை தேடியும் கிடைக்கவில்லை. குற்றம் பொறியினதன்று, எம்முடையதே.

அன்று கற்ற பாடங்களைப் பொருள் கொடாமலே நம் மாணவர் பெறுக. சமவெளியிற் பழகிய கணக்கு மலையிற் செல்லாது. பொறி காட்டும் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து அளப்பதாதலால், சரிவின்மேல் நோக்கிச் செலுத்தினால், எண் மாறாதிருக்க, நிலம் எழுந்து பொறியை முட்டும். ஆகையால் மலையில் உயர்ந்த இடத்தினின்று பறக்கவிடுக. திரும்பும் உயரத்தைச் சூழவுள்ள முகடும் மரமும் நோக்கிக் குறிக்க. காற்றை எதிர்த்துச் சென்று காற்றோடு திரும்புக. காற்றோடு சென்றவர் திரும்பும்பொழுது மின்கலம் போதாமல் திகைப்பர். மின்கலம் நூற்றில் நாற்பதாகக் குறைந்ததும் திரும்புதல் மலைக்கு ஏற்ற வழக்கம். கோமுகி அணையின் நீர்ப்பரப்பின்மேல் தாழப் பறக்கவிடற்க. பொறியின் அடியிலுள்ள உணர்கருவி நிலத்தின் கோலத்தைக் கண்டு நிலைப்பது. அசையும் நீரில் அது மயங்கும். மேகத்திலும் மழையிலும் பறக்கவிடற்க. பருந்து வட்டமிட்டால் இறக்கிவிடுக. மின்கலத்தை நிறைத்து வைத்தும், வெறுமையாக்கி வைத்தும் பல நாள் விடற்க. ஏறத்தாழப் பாதியளவில் வைக்க. உப்பியதை மீண்டும் ஏற்றற்க. எல்லாவற்றிற்கும் மேலாக, கண்ணுக்கு மறைவாகச் செலுத்தற்க. இது சட்டமும் ஆம், புத்தியும் ஆம்.

இதுவரை பொருளைப் பற்றியும் பொறியைப் பற்றியும் பேசினோம். இனி மனிதரைப் பற்றிப் பேசவேண்டும். எம் கருத்தில் இதுவே தலையாயது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பான கல்வராயன், சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாய், கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிற் பரந்து கிடக்கின்றது. ஆங்கு வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளி என்னும் பழங்குடியினர். சாமையும் மரவள்ளியும் பயிரிட்டும், கடுக்காய், புளி முதலியன சேர்த்தும் வாழ்பவர். நாடு சுதந்தரம் பெற்றுப் பல ஆண்டு கழிந்தபின்னரும், 1976 வரை அம்மலை ஜாகீர்தாரர் கையிலேயே இருந்தது. அம்மக்களுக்கு நிலத்தைப் பற்றிய அச்சம் பழமையானது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அக்கொடுமையை ஒட்டி மலையிற் சாராய அடுப்புக்களைத் தேடக் காவல் துறையினர் டிரோன்களையும் கையாண்டனர். அது வேண்டிய காரியமே. ஆயின், தலைமேல் ஓர் இரைச்சல் கேட்டதும், குற்றம் ஒன்றுமறியாத மலைவாசியும், ‘போலீசோ, நிலம் அளப்பாரோ’ என ஏக்கத்தோடு மேலே நோக்கும் நிலை இன்று உண்டு. நாம் விளையாட்டாகப் பறக்கவிடும் பொறி அவர்க்கு விளையாட்டன்று.

ஆதலின் ஊர்ப்பெரியவரிடம் சென்று, இன்னார் யாம், இன்னதன்பொருட்டு வந்தோம் என்று சொல்லி, அவர் இசைந்த பின்னரே பொறியைப் பெட்டியிலிருந்து எடுத்தல் வேண்டும். எடுத்த படத்தை அவர்க்குக் காட்டுக. தம் வீட்டையும் காட்டையும் மேலிருந்து முதன்முறை காணும் முதியவர் முகத்தில் எழும் வியப்பு எந்தப் பரிசுப் படத்தினும் சிறந்தது. சுனையிலும் ஓடையிலும் பெண்டிர் நீராடும் வேளையில் அப்பக்கம் செல்லற்க. வீடுகளின் முற்றத்தின்மேற் றாழப் பறக்கவிடற்க. மேகம், பெரியார் முதலிய அருவிகளுக்குச் செல்வோர் கூட்டத்தின் தலைமேற் செலுத்தற்க. ஒதுக்குக் காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. ஆங்குள்ள விலங்கும் பறவையும் தேனடையும் நம் இரைச்சலுக்கு இசைந்தவையல்ல. இம்மரியாதைகளுக்குக் காசு செலவில்லை. ஆயினும் இவற்றைக் கல்லாதவர் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் படக்கலையைக் கற்றவராகார்.

‘இத்துணைக் கட்டுப்பாட்டின்கீழ் என்னதான் எடுப்பது?’ என்று மனஞ் சலிப்பார்க்குக் கூறுவாம். கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. இவ்விளைய மாவட்டத்தின் மேற்பார்வைப் படங்கள் இன்னும் எத்தனையோ எடுக்கப்படாமற் கிடக்கின்றன. மலையிற் பிறந்த கோமுகி அணையிற் றங்கி, வயல்களை ஊட்டி, மணிமுத்தாற்றோடு கலந்து வெள்ளாற்றை நாடும் வழியை ஊர் ஊராக எடுத்துக் கோக்கலாம். தூர்ந்த ஏரி ஒன்றைக் கோடையிலும் மழைக்குப் பின்னரும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் எடுத்து ஒப்பிட்டால், அப்படம் ஊர்ச்சபைக்கு ஒரு விண்ணப்பமாகும். சாமை விளையும் சரிவில் மண் அரித்த வடுக்களை ஆண்டுதோறும் எடுத்தால், அது விவசாய மாணவர்க்கு ஆராய்ச்சியாகும். இவற்றிற்கு நாலாயிரம் புள்ளியும் வேண்டா, நாற்பதாயிரம் ரூபாயும் வேண்டா, பொறுமை வேண்டும்.

அதுவும் இயலாத மாணவர் மனம் தளர வேண்டா. நீண்ட மூங்கிற் கழியின் நுனியிற் பழைய தொலைபேசியைக் கட்டி உயர்த்தினாலும் இருபதடி உயரத்துப் பார்வை கிடைக்கும். பத்யூ செய்ததுபோற் பட்டமும் விடலாம். மலையோ நமக்கு இயற்கை தந்த கோபுரம். பெரிய கல்வராயனின் மேற்பரப்பு சராசரி 4,000 அடி உயரமுடையது என்பர். பஸ் கட்டணம் கொடுத்து ஏறி, வெயில் சாயும் வேளையில் நிழல் நீளும்பொழுது ஒரு வளைவில் நின்று எடுத்த படம் டிரோனாற் பகலில் எடுத்த நூறு படத்திற்கு நிகராகும்.

எம்பால் வந்த மாணவர் என் செய்தார் எனக் கேட்பீராயின், அவர் தவணைச் சீட்டில் ஒப்பமிடவில்லை. தந்தையார் தந்த பணத்துட் சிறு பகுதியால் விளையாட்டுப் பொறியொன்று வாங்கி, எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். இப்பொழுது காலைதோறும் மைதானத்தின் மூலையில் எட்டுப் போட்டுப் பழகுகின்றார். ஒருமுறை வேம்பில் ஏற்றியும் விட்டார், ஏறி எடுத்துக்கொண்டார். தொலைபேசியால் தம் ஊர் ஏரியின் படங்கள் பல எடுத்து வந்து காட்டினார்; அவற்றுள் இரண்டொன்று நன்றாயிருந்தன. பங்கு சேர ஐவரையும் தேடி வைத்துள்ளார். இன்னும் இருவர் சேர்ந்தால் அடுத்த ஆண்டில் இரண்டாம் படிக்குச் செல்வர் என நம்புகின்றோம்.

பழைய மாணவர்களாகிய அன்பர்கள் இக்கட்டுரையைக் காண நேர்ந்தால், ஒருவர்க்கு ஒரு பொறி பரிசளிப்பதினும், சங்கத்திற்கு ஒரு பொறியும் அதனைப் பழுதுபார்க்கச் சிறு நிதியும் அளித்தல் நூறு மாணவர்க்குப் பயன்படும் என்பதனை எண்ணுவார்களாக. மாணவர்களோ, வாங்குமுன் காணக் கற்றுக்கொள்வார்களாக. பறக்கவிடுமுன் கேட்கக் கற்றுக்கொள்வார்களாக. கைப்பொருள் சிறிதாயிருத்தல் குறையன்று. அதனை எதற்குக் கொடுக்கின்றோம் என்று அறியாதிருத்தலே குறை. நம் மலையும் ஆறும் எங்கும் சென்றுவிடப் போவதில்லை. நாம் தக்கவராகும்வரை அவை காத்திருக்கும்.